சாஸும் ஆரும் சம்பந்தி ஆன கதை

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து தங்கை குடும்பத்தோடு வாஷிக்கு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து, மாட்டுங்காவில் வாங்கி வந்த காபிப்பொடியில் ஒரு டிகாக்ஷன் இறங்கிக் கொண்டிருந்த நேரம். தங்கை மகள் இந்த வருடம்தான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் சேர்ந்திருக்கிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, காலேஜ்ல ஆர் சொல்லித் தர்றாங்க. வேலைக்குப் போன சீனியருங்க சாஸ் கத்துக்கோன்னு சொல்றாங்க. எதைப் படிக்க?"

ஊஞ்சலில் இருந்த என் அம்மாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "ஆரு மக்களே சொல்லித் தாறது?" என்றாள். நாகர்கோவில் பக்கம் 'ஆரு' என்றால் யார். வீடே சிரித்தது. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி சிரிப்பில் கரைந்து போகிற கேள்வி இல்லை. அவளுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். தங்கை கொட்டாவி விட்டாள். மச்சான் டிவி பக்கம் போய்விட்டார். சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்தால் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு உதவுமே என்றுதான் இந்தப் பதிவு.

இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும், நான் கணினிக்காரன் இல்லை. பி.காம். படித்து வங்கியில் சேர்ந்த ஆள். கல்லூரியில் புள்ளியியல் என்றால் கிராஃப் தாளில் ஓஜைவ் வளைகோடு வரைந்து, இடைநிலையை ஸ்கேல் வைத்துக் குறிப்பது. அவ்வளவுதான். பேசல் இரண்டு விதிமுறைகள் வந்த காலத்தில் பம்பாய்த் தலைமை அலுவலகத்தில் இடர் மேலாண்மைத் துறைக்கு மாற்றினார்கள். நான் சாஸ், ஆர் எல்லாம் கற்றது அதற்குப் பிறகுதான், முப்பது வயதில், தட்டுத் தடுமாறி. ஆகவே கணினி மேதைகள் பொறுத்தருள்க.

முதலில் நம் ஊர்க் கதையிலிருந்து வருகிறேன்.

இந்தியாவில் புள்ளியியல் என்றால் கல்கத்தா. மகலனோபிஸ் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை அங்கே தொடங்கினார். நாட்டின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றான ஹெச்.இ.சி. 2எம், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியதும் அந்தக் கழகத்துக்குத்தான், 1955-ல். இந்தியாவில் கணினி முதலில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கோ வங்கிக்கோ வரவில்லை. புள்ளிவிவரம் கூட்டுகிறவர்களுக்காக வந்தது. இது எனக்குப் பிடித்த தகவல்.

வங்கிகளுக்கு அது வரப் பல ஆண்டுகள் ஆயின. கணினி வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமாகவே இருந்தது. தொழிற்சங்கங்களோடு 1983-ல் ஓர் ஒப்பந்தம் ஆன பிறகுதான் கிளைகளில் லெட்ஜர் பதியும் எந்திரங்களை வைக்க முடிந்தது. அதே 1983-ல் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-ல் அறிக்கை தந்தது. 1988-ல் இரண்டாவது குழு, 1989-ல் அறிக்கை. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே: சி. ரங்கராஜன், அரியலூர்க்காரர், பின்னால் 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி கவர்னர். இன்று ஏ.டி.எம்.மில் கார்டு செருகுகிற ஒவ்வொருவரும் அந்த இரண்டு அறிக்கைகளுக்கும் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

வங்கியின் புள்ளிவிவரம் கேட்பது அதற்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது. 1972 டிசம்பர் முதல் கிளைகள் பி.எஸ்.ஆர். என்ற படிவத்தை நிரப்பி ரிசர்வ் வங்கிக்கு அனுப்பி வருகின்றன. யாருக்குக் கடன், எந்த ஊரில், என்ன தொழிலுக்கு, என்ன வட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரு குறியீட்டு எண். நான் கிளையில் இருந்த காலத்தில் அந்தப் படிவம் வந்தால் ஒளிந்து கொள்வோம். ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிய நாட்களும் உண்டு. அந்த எண்களை ஒருநாள் நானே அலசப் போகிறேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஒழுங்காக நிரப்பியிருப்பேன்.

*

சரி, மென்பொருள் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். தென் மாநிலங்களின் விவசாய ஆராய்ச்சி நிலையங்களில் குவிந்து கிடந்த விளைச்சல் கணக்கை அலச வேண்டும். அதற்காக 1966 வாக்கில் ஆரம்பித்த வேலைதான் சாஸ். ஆந்தனி பார், ஜிம் குட்நைட், ஜான் சால், ஜேன் ஹெல்விக் என்ற நால்வர் 1976-ல் அதைத் தனிக் கம்பெனி ஆக்கினார்கள். துளை போட்ட அட்டைகளில் தரவு ஏற்றிய காலம் அது. தரவு இங்கே தொடங்குகிறது என்று சாஸுக்குச் சொல்ல 'கார்ட்ஸ்' என்று எழுதுவார்கள். அட்டை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கட்டளை மட்டும் இன்னமும் வேலை செய்கிறது. நம் வங்கியில் லெட்ஜர் போன பிறகும் 'லெட்ஜர் ஃபோலியோ' கட்டணம் என்ற பேர் நிலைத்த மாதிரி.

இன்னொரு பக்கம், ஸ்டான்ஃபோர்டில் நார்மன் நை, ஹட்லாய் ஹல், டேல் பென்ட் மூவரும் 1968-ல் எஸ்.பி.எஸ்.எஸ். செய்தார்கள். அது சமூகவியல், அரசியல் ஆய்வுக்காரர்களுக்கு. கருத்துக் கணிப்பு, சந்தை ஆய்வு என்றால் இன்றும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

இரண்டுமே பல்கலைக்கழகத்தில் பிறந்து, கடைத்தெருவுக்கு வந்தவை. காசு கட்டி வாங்க வேண்டும். சாஸ் என்றால் ஒரு முறை கட்டினால் போதாது, வருடா வருடம் கட்ட வேண்டும். கட்டும் பணத்துக்குப் பதிலாகக் கையேடு, பயிற்சி, ஏதாவது ஆனால் போன் எடுக்க ஆள். வங்கிக்காரனுக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஆடிட்டர் கேள்வி கேட்டால் கை காட்ட ஓர் ஆள் வேண்டும் பாருங்கள்!

இப்போது எதிர் வீட்டுக் கதை. அதே 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் 'எஸ்' என்று ஒரு மொழியைத் தொடங்கினார்கள். புள்ளியியல்காரர் மனதில் நினைப்பதை அப்படியே தட்டிப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். இதற்காக 1998-ல் சேம்பர்ஸுக்கு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்று இரண்டு ஆசிரியர்கள். மாணவர்களுக்குப் பாடம் நடத்த எஸ் மாதிரியே ஒரு சின்ன மொழியை 1990-களின் தொடக்கத்தில் எழுதினார்கள். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகிறது, அதுவும் எஸ்-க்கு முந்தைய எழுத்து. ஆகவே பெயர் 'ஆர்'. 1995-ல் அதை ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் மாற்றிக் கொடுக்கும்போது நீயும் மூலத்தைத் திறந்தே கொடுக்க வேண்டும். 1997-ல் அதைப் பராமரிக்கும் மையக் குழு அமைந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பு வந்தது. தேதியைக் கவனியுங்கள், நானூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் நூற்றாண்டு லீப் நாள். கணக்குக்காரர்களின் குறும்பு :-)

ஆரின் பலம் அதன் பொதிகள். யாராவது புது முறை ஒன்று கண்டுபிடித்தால் அதை ஒரு பொதியாக்கிப் பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிடுவார்கள். இன்று அங்கே இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 'லாட்டிஸ்' என்ற புகழ்பெற்ற வரைபடப் பொதியை எழுதிய தீபாயன் சர்க்கார், தில்லி இந்தியப் புள்ளியியல் கழகத்துப் பேராசிரியர், ஆர் மையக் குழுவிலும் உறுப்பினர். மகலனோபிஸ் வைத்த மரத்தின் ஒரு கிளை அங்கேயும் நீண்டிருக்கிறது.

பைத்தானின் பிறப்பு வேறு. நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு மொழி அது. புள்ளிவிவரத்துக்கு அது வந்தது பிற்பாடு. அட்டவணைத் தரவைக் கையாளும் 'பாண்டாஸ்' பொதியை வெஸ் மெக்கின்னி 2008-ல் எழுத ஆரம்பித்தார். எங்கே தெரியுமா? ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு. நம் இனம்!

*

இரண்டு வீடும் ஒன்றை ஒன்று பார்த்துக் கொள்ளாமல் கொஞ்ச காலம் ஓடியது. கல்லூரியில் பிள்ளைகள் ஆர் படித்து வந்தார்கள். அலுவலகத்தில் சாஸ் இருந்தது. நடுவில் ஒரே பாலம், கமா போட்ட உரைக் கோப்பு. இங்கே எழுதி அங்கே படிப்பது.

முதலில் இறங்கி வந்தது எஸ்.பி.எஸ்.எஸ். 2000-களின் நடுவில் வந்த 14-ஆம் பதிப்பில் பைத்தானுக்கு ஒரு கதவு திறந்தார்கள். 2007-ல் 16-ஆம் பதிப்பில் ஆருக்கும் திறந்தார்கள். 2009-ல் ஐ.பி.எம். சுமார் 120 கோடி டாலர் கொடுத்து எஸ்.பி.எஸ்.எஸ்.ஸையே வாங்கிக்கொண்டது.

அந்த 2009-தான் சாஸுக்கும் திருப்பம். ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஆர் பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. அதில் சாஸ் தரப்பிலிருந்து ஒருவர், விமான எஞ்சின் செய்கிறவர்கள் இலவச மென்பொருளை நம்பவில்லை என்பது விமானத்தில் ஏறும் எனக்கு நிம்மதி என்கிற பொருளில் பேசியிருந்தார். வந்ததே எதிர்ப்பு! உலகம் முழுக்கப் புள்ளியியல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே 2009-ல், சாஸின் அணிக்கணித உறுப்பான ஐ.எம்.எல். ஸ்டூடியோவிலிருந்து ஆரைக் கூப்பிடும் வசதி வந்தது. 2010-ல் ஐ.எம்.எல்.லுக்குள்ளேயே வந்தது. பேசியது ஒன்று, செய்தது ஒன்று. கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொண்ட சம்பந்தி, பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த கதைதான்.

இணைப்பு எப்படி என்றால் இப்படி. சாஸ் நிரலுக்குள் ஒரு வரி எழுதி, இதற்குமேல் ஆர் என்று சொல்ல வேண்டும். சாஸின் தரவுத்தொகுப்பை ஆர் அட்டவணையாக அனுப்ப ஒரு கட்டளை, முடிவைத் திருப்பி வாங்க இன்னொன்று. ஆரை சாஸ் தன் பெட்டியில் போட்டு விற்பதில்லை. வாடிக்கையாளரே தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும், நடுவில் பாலம் மட்டும் சாஸுடையது. அந்தக் கதவும் முதலில் பூட்டியே இருக்கும். நிர்வாகி ஒரு விருப்பத்தேர்வை இயக்கினால்தான் திறக்கும். ஆர் வழியாக ஒருவர் கணினியின் மற்றக் கோப்புகளையும் தொட முடியும் என்பதால் அந்த எச்சரிக்கை. வங்கிக்காரனாக எனக்கு அது சரியென்றே படுகிறது.

அதன் பிறகு வரிசையாக எல்லோரும் கதவைத் திறந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-ல் ரெவல்யூஷன் அனலிடிக்ஸ் என்ற ஆர் நிறுவனத்தை வாங்கி, எஸ்.க்யூ.எல். சர்வர் 2016-க்குள் ஆரையும், 2017-க்குள் பைத்தானையும் வைத்தது. சாஸ் 2016-ல் வயா என்ற புதிய தளத்தை அறிவித்தது. பைத்தானில் எழுதியே சாஸை ஓட்டலாம் என்றது. ஸ்டேட்டா 2019-ல் 16-ஆம் பதிப்பில் பைத்தானைச் சேர்த்தது. 2023-ல் எக்செல்லுக்குள்ளேயே பைத்தான் வந்துவிட்டது.

ஒரு வழக்கும் உண்டு. இங்கிலாந்தின் வேர்ல்ட் புரோகிராமிங் என்ற நிறுவனம், சாஸ் மொழியில் எழுதிய நிரல்களை சாஸ் இல்லாமலே ஓட்டும் மென்பொருள் செய்தது. சாஸ் வழக்குப் போட்டது. 2012 மே 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு நிரல் செய்யும் வேலைக்கும் அது எழுதப்படும் மொழிக்கும் பதிப்புரிமை கிடையாது என்று சொன்னது. மூல நிரலைக் காப்பியடித்தால் குற்றம், அதே வேலையைச் சொந்தமாகச் செய்தால் குற்றமில்லை. அடுத்த வீட்டு ரசத்தை ருசி பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளலாம், சட்டியைத் தூக்கி வரக்கூடாது :-) அமெரிக்க நீதிமன்றத்தில் உரிம ஒப்பந்தத்தை மீறியது பற்றிய வழக்கு வேறு திசையில் போய் சாஸ் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

இதுவரை ஊர்க்கதை. இனி என் கதை. தங்கை மகளுக்கு நிஜமாகச் சொல்ல விரும்பியது இதைத்தான்.

2014. எங்கள் துறையில் விலைக்கு வாங்கிய மென்பொருளில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வருட லைசென்ஸ் புதுப்பிக்கும் ஃபைல் எங்கள் அலுவலகத்திலேயே ஏதோ ஒரு மேஜையில் தூங்கிவிட்டது. காலாண்டு முடிவு நெருங்கும்போது லைசென்ஸ் காலாவதி. சிறுகடன் விண்ணப்பங்களின் அறிக்கை போக வேண்டும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

கல்கத்தாவில் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், "சார், டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறதே, ஆரில் செய்து பார்க்கட்டுமா?" என்றான். செய் என்றேன். வேறு வழி?

முதல் நாளே ஒரு கூத்து. கடன் கொடுத்த தேதிகள் எல்லாம் பத்து வருடம் தள்ளிப் போயிருந்தன. 2013-ல் கொடுத்த கடன் 2023 என்று காட்டியது. காரணம் எளிது. சாஸ் தேதியை நாட்களின் எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளும், 1960 ஜனவரி 1-லிருந்து. ஆர் எண்ணுவது 1970 ஜனவரி 1-லிருந்து. இடையில் 3653 நாட்கள். கோப்பில் வெறும் எண்ணாகப் போன தேதியை ஆர் தன் கணக்கில் படித்துவிட்டது. எஸ்.பி.எஸ்.எஸ். இன்னும் வேடிக்கை, 1582 அக்டோபர் 14-லிருந்து வினாடிகளை எண்ணும். கிரிகோரியன் நாட்காட்டி பிறந்த சமயம்! ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பஞ்சாங்கம்.

இரண்டாவது நாள், கால்மானங்கள் ஒத்துவரவில்லை. இதுவும் பிழையில்லை. 1 முதல் 10 வரை எண்களை எழுதி, முதல் கால்மானம் என்ன என்று கேளுங்கள். வழக்கமான அமைப்பில் ஆர் 3.25 என்னும். சாஸ் 3 என்னும். எஸ்.பி.எஸ்.எஸ். 2.75 என்னும். மூன்றும் சரி, மூன்றும் புத்தகத்தில் உள்ள வரையறைகள். ஆரில் மட்டும் ஒன்பது வகை இருக்கிறது, எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் சாஸ் 3 தரும், ஆர் 2 தரும். இரட்டைப்படைப் பக்கம் சாய்க்கும் இந்த முறைக்கு 'வங்கியாளர் முறை' என்று பெயர். இத்தனை வருட வங்கி வேலையில் அதை நான் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

மூன்றாவது நாள் மாலை பையன் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"சார், டேலி ஆகவில்லை. ஏற்கலாம் என்பதையும் தள்ளுபடியையும் கூட்டினால் மொத்த விண்ணப்பத்துக்குச் சில நூறு குறைகிறது."

"எங்கேயோ தப்புப் பண்ணியிருப்பே தம்பி. பழைய நிரலில் எப்போதும் டேலி ஆகும்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

அவன் அன்றிரவு உட்கார்ந்து கண்டுபிடித்தான். குறைந்தவை அனைத்தும் மாத வருமானக் கட்டம் காலியாக இருந்த விண்ணப்பங்கள். எங்கள் விதி, வருமானம் இன்ன தொகைக்குக் கீழே என்றால் தள்ளுபடி. விவரமில்லாத மதிப்பை சாஸ் எல்லா எண்களையும்விடச் சிறியதாக வைத்துக்கொள்ளும். இது ஒளித்து வைத்த விஷயம் இல்லை, கையேட்டில் தெளிவாக உண்டு. ஸ்டேட்டா நேர் எதிர், எல்லா எண்களையும்விடப் பெரியது என்று எடுத்துக்கொள்ளும். ஆர் இரண்டும் சொல்லாது. தெரியாததை ஒப்பிட்டால் விடையும் தெரியாது என்று நிற்கும். அதனால் அந்த விண்ணப்பங்கள் ஏற்பிலும் வரவில்லை, தள்ளுபடியிலும் வரவில்லை.

அதாவது, பழைய நிரலில் வருமானம் எழுதாதவர்கள் எல்லோரும் வருமானமே இல்லாதவர்களாகி, தாமாகத் தள்ளுபடிக் கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு காலாண்டு இல்லை. பல காலாண்டுகள். அந்த நிரலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். கூட்டுத்தொகை ஒத்துப்போகிறது, எனவே சரி என்று போட்டேன். பேரேடு டேலி ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று பழகிய கை.

யார் அவர்கள்? சம்பளச் சீட்டு இல்லாதவர்கள். படிவத்தில் அந்தக் கட்டம் சம்பளக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. ரொக்க வியாபாரம் செய்கிறவருக்குக் கிளை அதிகாரி மதிப்பீட்டைக் கீழே குறிப்பில் எழுதிவிட்டு, கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நானும் கிளையில் அப்படிச் செய்தவன்தானே!

சில ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். தாராவி முகவரிகள் நிறைய. ஒன்று, முறுக்கு, சீடை போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு திருநெல்வேலிக்காரர். எண்ணெய்ச் சட்டி, அடுப்பு வாங்கச் சின்னக் கடன்தான் கேட்டிருந்தார். குறிப்பில் கிளை அதிகாரி நல்ல ஆள், நல்ல வியாபாரம் என்று எழுதியிருந்தார். எங்கள் நிரல் குறிப்பைப் படிக்காது.

கிளையில் சொல்லி நானே போனில் பேசினேன். "அண்ணாச்சி, உங்க விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்திருக்கோம், ஒரு தடவை கிளைக்கு வாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வேண்டாம் சார், அப்பவே வெளிய வட்டிக்கு வாங்கிட்டேன். இன்னும் அடைச்சு முடியல. அது முடியட்டும், பாப்போம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியாது. 'உங்க கட்டம் காலியா இருந்திச்சு' என்று எப்படிச் சொல்வது?

அறிக்கையில் உண்மையை எழுதினேன். மேலிடத்தில் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலிக் கட்டம் உள்ள விண்ணப்பங்களைத் தனியாக எடுத்து மனிதர் பார்க்க வேண்டும் என்று விதி மாறியது. பிறகு சிலருக்குக் கடன் கிடைத்தது. அண்ணாச்சி திரும்பி வரவில்லை.

*

இரண்டு மென்பொருளை இணைப்பது எதற்கு என்று கேட்டால், கூட்டங்களில் செலவு மிச்சம், புது முறைகள் என்று சொல்வார்கள். அதுவும் சரிதான். எனக்கு அது வேறு ஒரு காரணத்துக்காகவும் பிடிக்கிறது. ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டால்தான் தவறு தெரியும். வங்கியில் இதை மேக்கர், செக்கர் என்போம். போட்டவரும் பார்ப்பவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பழக்கம் உள்ளவர்களாக இருந்தால் செக்கர் இருந்தும் பயனில்லை. சாஸும் ஆரும் வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை. அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் நாம் மறந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆர் பெரிது, சாஸ் மோசம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரை மட்டும் வைத்திருந்து, காலிக் கட்டங்களைக் கழித்துவிட்டு ஓட்டு என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அந்த மனிதர்கள் வேறு வழியில் காணாமல் போயிருப்பார்கள். பைத்தானின் பாண்டாஸில் காலி எண்ணைச் சிறியதா, பெரியதா என்று ஒப்பிட்டால் வழக்கமாக 'இல்லை' என்றே விடை வரும். அப்போது அண்ணாச்சி கேள்வியே இல்லாமல் ஏற்புப் பக்கம் போயிருப்பார், அதுவும் தவறுதான். இலவசம் என்பதும் முழு இலவசம் இல்லை. பொதிகளின் பதிப்பைப் பூட்டி வைக்க, பாதுகாப்பைப் பார்க்க, ஒருவர் வேலையை விட்டுப் போனால் நிரலைத் தொடர ஆள் வேண்டும். அந்தச் சம்பளம் லைசென்ஸ் பில்லில் வராது, அவ்வளவுதான்.

2015 மார்ச்சில் மத்திய அரசு, தன் அலுவலகங்கள் திறமூல மென்பொருளையே முதல் விருப்பமாகப் பார்க்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, கடன் மாடல்களின் இடர் பற்றி ஒரு வரைவு வெளியிட்டது. மாடல் சொந்தமாகச் செய்ததானாலும் வெளியில் வாங்கியதானாலும் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு கடன் கொடுப்பவருடையது என்பது அதன் சாரம். படித்தபோது அந்தப் போன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. மென்பொருள் சொன்னது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வாஷியில் இருப்பவர்களுக்குப் பாலம் புதிதில்லை. 1973-ல் கழிமுகத்தின் மேல் முதல் பாலம் வந்தது, 1992-ல் ரயில் வந்தது, 1997-ல் இரண்டாவது சாலைப் பாலம். ஒவ்வொன்றும் வந்தபோது இந்தக் கரையில் குடும்பங்கள் கூடின. நம்மவர்கள் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் இங்கே வந்தது அந்தப் பாலங்கள் மேல்தான். ஆனால் பாலம் வந்ததால் இரண்டு கரையும் ஒன்றாகிவிடவில்லை. இறங்கும் இடத்தில் எந்த ஊர் என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

தங்கை மகளுக்கு நான் சொன்ன பதில் இது. கல்லூரியில் ஆரை ஒழுங்காகப் படி, கையில் காசில்லாமல் ஆழமாகப் போகலாம். பவாய் ஐ.ஐ.டி.யில் ஃபாஸி என்ற திட்டம் இருக்கிறது. ஆர், பைத்தான், சைலேப் போன்றவற்றைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகும் வேலை. அங்கிருந்தே வரும் ஸ்போக்கன் ட்யூட்டோரியல் பாடங்களில் பல தமிழ்க் குரலிலும் உண்டு. பாட்டியும் உட்கார்ந்து கேட்கலாம். சாஸ் நிறுவனமும் படிப்பவர்களுக்கு இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது, அதில் அடிப்படை கற்றுக்கொள். வேலையில் எது கொடுத்தாலும் செய்ய வரும்.

எந்த மொழியானாலும் முதல் நாள் ஒரு கேள்வி கேட்டுவிடு: காலிக் கட்டத்தை இது என்ன செய்யும்?

எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அந்த முறுக்குக் கடைக்காரர் இப்போ எங்கே மாமா?" என்றாள். தாராவியில்தான் இருப்பார் என்றேன். போய்ப் பார்த்தீர்களா என்றாள். இல்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். எப்படியும் தீபாவளிக்கு முறுக்கு வாங்க வேண்டுமே.